பனி அள்ளாத ஊரில் மூச்சுக்கு மதிப்பெண்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. கோயில் கொண்ட சிவனுக்குப் பெயர் வைத்தியநாதர். பங்குனியில் நந்தி கல்யாணம். பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று கூட்டம் கூடும். இந்த ஊர்ப் பாட்டி ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகும் அபூர்வ நோய் என்று வைத்துக்கொள்வோம். அவர் படும் பாட்டை எதைக் கொண்டு அளப்பது?

உலகெங்கும் அதிகம் புழங்குவது செயின்ட் ஜார்ஜ் சுவாசக் கேள்வித்தாள். 1990களின் தொடக்கத்தில் லண்டனில் பால் ஜோன்ஸ் குழுவினர் உருவாக்கியது. 50 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண். ஏற ஏற நிலைமை மோசம். 4 புள்ளி மாறினால் நோயாளியே உணரும் மாற்றம் என்பது கணக்கு.

இப்படி ஒரு கேள்வித்தாள் எதற்கு, ஊதிப் பார்க்கும் பரிசோதனை போதாதா என்று கேட்கலாம். போதாது. நுரையீரல் இறுகும் நோய்க்கான நின்டெடானிப் மருந்தின் இரண்டு பெரிய ஆய்வுகள் 2014இல் வெளிவந்தன. நுரையீரல் கொள்ளளவு குறையும் வேகத்தை மருந்து ஏறக்குறையப் பாதியாக்கியது. ஆனால் இந்தக் கேள்வித்தாளில் ஒரு ஆய்வில்தான் பலன் தெரிந்தது. மற்றதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கருவி கண்ட நன்மை அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற சந்தேகத்தை எழுப்பியது கேள்வித்தாள்தான். அதன் பெரும்பலம் இது.

பலவீனம் பிறந்த இடத்திலேயே இருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்கும் எழுதப்பட்டது இது. நுரையீரல் இறுகும் நோய்க்கு இது பின்னாளில் பொருத்தப்பட்டது. ஆங்கில மூலம் கோல்ஃப் ஆடுவதையும் பனி அள்ளுவதையும் கேட்கிறது. பாட்டிக்கோ அடிபம்பில் குடம் நிரப்புவது, குந்தி உட்கார்ந்து எழுவது, ஆற்றங்கரை மேட்டில் ஏறுவதுதான் சோதனை.

மொழியிலும் சிக்கல் உண்டு. இளைப்பு, இழுப்பு, மேல்மூச்சு, மூச்சு முட்டுதல் எல்லாம் ஒன்றல்ல; எந்தச் சொல்லால் கேட்கிறோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக மகன் பதில் சொன்னால், அது மகன் பார்த்த நோய்.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டவரிடம் கேட்டால், "இப்ப ஒண்ணும் கஷ்டமில்லே" என்பார். மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கும். சுருங்கியது வாழ்க்கை.

2012இல் லண்டன் கிங்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள், பாட்டியின் நோயும் அடங்கிய நுரையீரல் இடைத்திசு நோய்களுக்கென்றே 15 கேள்வி கொண்ட கே-பில்டு என்ற தாளைத் தந்தார்கள். சுருக்கமானது, பணக்கஷ்டத்தையும் கேட்கிறது. ஆனால் அதில் 100 என்றால் நல்ல நிலை. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் தடுமாறுவார்.

2012 முதல் 2015 வரை இந்தியாவின் 27 மையங்களில் 1,084 நுரையீரல் இடைத்திசு நோயாளிகளைப் பதிந்த ஆய்வில், பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு இருந்தது ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. நம் நோயாளிக் கூட்டமே வேறு மாதிரி. கேள்வி மட்டும் கடன் வாங்கியதாக இருப்பது பொருந்தாது.

கேள்வித்தாளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆய்வுகளை ஒப்பிட அது வேண்டும். ஆனால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஊர்க் கேள்வி ஒன்றும் எழுதப்பட வேண்டும்: "போன பங்குனிக்கு நந்தி கல்யாணம் பாக்கப் போனீங்களா பாட்டி? இந்த வருஷம்?" போகவில்லை என்றால், ஏன் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.