தாமரைக்குளத்தை அண்ணாந்து பார்த்தபடி

ஓவியத்தைத் தனியாகப் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பிடித்த மூலையில் நினைத்த நேரம் நிற்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனாலும் சித்தன்னவாசல் எனக்கு முழுதாக வசமானது மனைவியோடு போனபோதுதான்.

புதுக்கோட்டையை அடுத்த அந்தக் குன்றின் மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயில் சின்னக் குடைவரை. கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்தின் விதானம் முழுக்க ஒரு தாமரைக்குளம். சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவியும் மஞ்சளும் பச்சையும் கரிக் கறுப்புமாகத் தீட்டியது. மொட்டு, பாதி அவிழ்ந்தது, முழுதும் மலர்ந்தது எனப் பூக்கள். அவற்றுக்கு நடுவே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். பல இடங்களில் பூச்சு உதிர்ந்துவிட்டது. மிஞ்சியதே கண்ணை நிறைக்கிறது.

எனக்குக் கதை தெரியும். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணம் என்ற தெய்வ மண்டபத்துக்குப் போகும் வழியில் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்கு உரியவர்கள், ஒரு நீர்நிலையைக் கடக்கிறார்கள். வழிபடுவதற்காக அதில் மலர் கொய்கிறார்கள் என்பது சமணர் சொல்லும் செய்தி. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் தாமரைக்குளம் தெரியும். காவிரிக் கரையில் குளத்தில் குதித்து வளர்ந்தவள்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவள், "இதை வரைஞ்சவர் கரையில நின்னு பார்த்தவர் இல்லைங்க, குளத்துக்குள்ள இறங்கினவர்" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். இலையும் பூவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தண்ணீரையே மறைப்பதைக் காட்டினாள். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவர்களுக்குக் குளம் அப்படித்தான் தெரியுமாம். பிறகு, தாமரைக் கொத்தைத் தோளில் சாத்தியிருக்கும் ஆளிடம் போனாள். "தண்டு பூரா முள்ளு. வெறுந்தோள்ல சாத்தினா கீறி எடுத்திடும். இவர் முகத்துல அதோட சுணக்கம் இருக்கா பாருங்க."

இல்லை. அந்த முகத்தில் மெல்லிய மலர்ச்சிதான் இருக்கிறது. பவ்வியர் என்று படித்துவைத்திருந்த எனக்கு அந்த நிலை என்னவென்று புரிந்தது அவள் சொன்ன முள்ளால்தான். அப்புறம் சமவசரணக் கதையைச் சொன்னேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து, ஒவ்வொரு பூவாகப் பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பார்வையைப் பக்கத்தில் நின்று கவனித்தது ஓவியத்தைப் பார்த்ததற்கு இணையான சந்தோஷம்.

மூவரில் இருவர் சேர்ந்து நிற்கிறார்கள். மூன்றாமவர் தள்ளி, வேறு நிறத்தில். அங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். விதானத்தின் ஒரு பக்கம் வெறிச்சென்று ஆகாமலிருக்க ஓவியர் செய்த ஏற்பாடு என்பது என் கட்சி. அவளோ, அவர் பறித்து முடித்துவிட்டார், மற்ற இருவருக்கும் இன்னும் வேலை இருக்கிறது என்கிறாள். புதுக்கோட்டை பேருந்து நிலையம் வரைக்கும் இதே பேச்சு. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அந்தப் பிடிவாதம்தான் உருவத்தை மறுபடி மறுபடி நினைவில் எழுப்பி, கைமடிப்பையும் இடைவளைவையும் சரிபார்க்கச் சொல்கிறது. ஆமோதித்துத் தலையாட்டுகிறவரோடு போயிருந்தால் அந்த மூன்றாமவரை மறந்தே போயிருப்பேன்.

அறிஞர்களும் இங்கே ஒத்துப்போனவர்கள் அல்லர். மகேந்திரவர்ம பல்லவர் காலத்து வேலை என்று முதலில் எழுதினார்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு, கணக்கை 9ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தது. தூணில் மங்கித் தெரியும் அரசனும் அரசியும் யார் என்பதும் அதோடு சேர்ந்தே மாறியது.

பிரியமானவரோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோயில் மேற்குப் பார்த்தது. வெளிச்சத்துக்குப் பிற்பகல் நல்லது. போனதும் கதையைச் சொல்லிவிடாதீர்கள். அவர் கை முதலில் எங்கே நீள்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். முகப்புத் தூண்களில் இருக்கும் ஆடல்மகளிரைத் தவறவிட வேண்டாம். அவர்களில் யார் ஆட்டத்தைத் தொடங்குகிறார், யார் முடிக்கிறார் என்று எங்கள் வீட்டில் தனி வழக்கே நடக்கிறது.