பெயரும் உருபும்: ஃபோர்த் ஆவணங்களின் குறியீட்டு மரபு

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஊர்ப்பெயர்களே வழிப்போக்கர்க்கு வழிகாட்டிகளாக அமைகின்றன. குருக்கள்மடம், அம்பிளாந்துறை, கிரான்குளம், களுவாஞ்சிக்குடி என்பவற்றின் ஈற்றுச் சொற்கள் மடம், துறை, குளம், குடி என இடத்தின் இயல்பை உணர்த்துவன. ஆயின், பயணம் எங்கிருந்து எங்கு என்பதை அவை உணர்த்தமாட்டா. அது வேற்றுமையுருபின் பணியாகும். வாவியைக் கடக்கும் மிதவையை இப்பகுதியார் ‘பாதை’ என்பர். ‘குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் பாதை சென்றது’ என்னும் தொடரில் அவ்விரு பெயர்களையும் உருபுகளோடு முன்பின்னாக மாற்றினும் பொருள் மாறுவதில்லை. இயல்பை உணர்த்துவது பெயர். தொழிலில் அதன் பங்கை உணர்த்துவது உருபு. இவ்வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டு ஃபோர்த் என்னும் கணினிமொழியின் ஆவணங்களை நோக்குதல் தகும்.

சார்ள்ஸ் மூர் 1970ஆம் ஆண்டளவில் உருவாக்கிய அம்மொழியிற் செயல் ஒவ்வொன்றும் ‘சொல்’ எனவும், அவற்றின் தொகுதி ‘அகராதி’ எனவும் வழங்கும். ஒரு சொல் தனக்கு வேண்டியவற்றை அடுக்கின் மேலிருந்து எடுத்து, விளைவையும் அவ்வடுக்கிலேயே வைக்கும். ஆதலின் ஆவணங்கள் அடைப்புக்குறிக்குள் இரு சிறுகோடுகளின் இடப்புறத்தே செயலுக்கு முன் அடுக்கில் இருப்பவற்றையும், வலப்புறத்தே பின் இருப்பவற்றையும் குறிக்கின்றன.

1994ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர நியமத்தில் ‘என்’ என்னும் எழுத்து நேர், எதிர்க் குறியுடைய முழுவெண்ணையும், ‘யு’ குறியற்ற எண்ணையும், ‘அட்ர்’ நினைவக முகவரியையும் சுட்டும். 16 பிட் அளவில் -1, 65535 ஆகிய இரண்டுக்கும் ஒரே பிட் வடிவமே உண்டு. அவ்வடிவத்தை எவ்வாறு கொள்வதென்பதை வாசகனுக்கு ஓரெழுத்தே உணர்த்திவிடுகின்றது. சுருக்கமும் தெளிவும் ஒருங்கமைந்த மரபு இது.

எனினும், தரவைப் பெயர்த்தெழுதும் ‘மூவ்’ என்னும் சொல்லில் இம்மரபின் குறை வெளிப்படுகின்றது. ‘அட்ர்1 அட்ர்2 யு’ என்பதே அதன் குறிப்பு. முதலாவது தரவு உள்ள இடம், இரண்டாவது அது சேருமிடம், மூன்றாவது அளவு. இப்பங்குகளை விளக்கவுரையே கூறுகின்றது; பெயர்கள் கூறவில்லை. ஃபோர்த்தில் உருபு இல்லை, வரிசையே உருபு. முகவரிகள் இடம்மாறின், காக்கவேண்டிய தரவு அழிந்துபோகும். அடைப்புக்குறிக்குள் எழுதியதைக் கணினி கருத்திற்கொள்ளாது விடுவதால், தடுப்பாரும் இலர்.

நியமத்திற்குச் சுருக்கம் இன்றியமையாதது என்பர் சிலர். அது ஏற்புடையதே, ஆயினும், கற்போன் முதலில் நோக்குவது குறிப்பையேயன்றி விளக்கவுரையையன்று. இவ்வாவணங்களைத் தமிழாக்குவோர் ‘முகவரி1, முகவரி2’ என எழுதுவாராயின் மூலத்தின் குறையையும் உடன் பெயர்த்தவராவர். ‘மூலமுகவரி, சேர்முகவரி’ என்பதே தக்கது. உருபில்லாத மொழியில், பெயரே உருபின் சுமையையும் தாங்கவேண்டும்.