ஆண்கள் ஊழியம்: அரங்கம் நிறைந்தது, அப்புறம்?

சபைகளில் ஆண்களுக்கான ஊழியம் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பு எடுத்து வருகிறேன். எந்தப் பக்கம் போனாலும் 'ப்ராமிஸ் கீப்பர்ஸ்' என்ற பெயர் வந்து நிற்கிறது. வாக்கைக் காப்பாற்றுகிறவர்கள் என்று பொருள். 90களில் அமெரிக்காவைக் கலக்கிய இயக்கம். கூட்டம் சேர்ப்பதில் ஜெயித்தது, சபைக்குள் கோட்டை விட்டது என்பது என் கணிப்பு.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி 1990ல் இதைத் தொடங்கினார். 1991ல் போல்டர் நகரில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 4,200 பேர். 1996ல் இருபதுக்கும் மேற்பட்ட விளையாட்டு அரங்குகளில் மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டியது. 1997 அக்டோபர் 4 அன்று வாஷிங்டன் நேஷனல் மாலில் பல லட்சம் ஆண்கள் கூடி ஜெபித்தார்கள், அழுதார்கள். அந்தக் கண்ணீரைப் போலி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அடுத்த வருஷமே சரிவு. நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டு நன்கொடையை நம்பினார்கள், பணம் போதவில்லை. 1998 மார்ச்சோடு சம்பள ஊழியர்கள் எல்லாரையும் நிறுத்த வேண்டி வந்தது. பிறகு சிலர் திரும்பினார்கள், பழைய கூட்டம் திரும்பவில்லை.

வீட்டுக்குத் தலைவன் ஆண்தான் என்ற போதனைக்காகப் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைக் கண்டித்தன. அது நியாயமான கேள்வி. என்னுடைய குறை வேறு. இந்த இயக்கத்தில் சேர்கிறவர் ஏழு வாக்குறுதிகள் எடுக்க வேண்டும். இரண்டாவது, தன்னைத் தாங்கிப் பிடிக்கிற சில ஆண்களோடு நெருங்கிப் பழகுவது. ஐந்தாவது, தன் சபைக்கும் போதகருக்கும் துணை நிற்பது. இந்த இரண்டையுமே 50,000 பேர் நடுவில் செய்ய முடியாது. "வீட்டில் மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று அடுத்த மாதம் கேட்க, நம்மைத் தெரிந்த மூன்று நான்கு பேர் வேண்டும்.

இயக்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. சபைக்கு ஒரு தன்னார்வலரைத் தொடர்பாளராக வைக்கச் சொன்னார்கள். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி மாநாட்டுக் கட்டணம். அதனால் கவனமும் உழைப்பும் அங்கேயே போனது. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம்: டெமோ அமர்க்களமாக ஓடும், ப்ரொடக்ஷனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

மெக்கார்ட்னியின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1994 சீசனோடு, புகழின் உச்சியில், குடும்பத்தைக் கவனிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வேலையை விட்டார். தன் மனைவியை எவ்வளவு தனியாக விட்டிருந்தார் என்பதை 1997ல் வந்த 'சோல்ட் அவுட்' புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார். நல்ல கணவனாக இருங்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொன்னவருக்கே வீட்டில் பாக்கி இருந்தது. அரங்கம் அதைத் தீர்த்து வைக்கவில்லை.

அதனால் ஒரு சபையில் ஆண்கள் ஊழியம் நடக்கிறதா என்று பார்க்க, வருடாந்திரக் கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி போட்டார்கள் என்று நான் எண்ணமாட்டேன். ஒருவருக்கு வேலை போகிறது. அன்று ராத்திரி அவர் சபையில் யாருக்கு முதலில் போன் போடுவார்? சட்டென்று ஒரு பெயர் வந்தால் ஊழியம் நடக்கிறது. வரவில்லை என்றால், நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு மூன்று பேரோடு ஆரம்பிக்கலாம். வாரம் ஒரு நாள், அதே இடம், அதே ஆட்கள், பல வருஷம்.