மேல்மாடியில் கரையான்

ஒருத்தரை வீட்டைவிட்டுக் கிளப்ப அடியாள் வேண்டியதில்லை. நல்லாப் படிச்ச, சிரிச்ச முகமுள்ள ஒரு பையன் போதும். பிரேசில் இயக்குநர் கிளெபர் மென்டோன்சா ஃபிலோவின் ‘அக்வாரியஸ்’ (2016) படத்தில் அவன் பெயர் டியேகோ, பில்டரின் பேரன். ரெசிஃபி நகரக் கடற்கரையில் பழைய குடியிருப்பு ஒன்று. மற்ற எல்லோரும் ஃப்ளாட்டை விற்றுவிட்டார்கள். மிச்சம் கிளாரா மட்டும். அறுபதைத் தாண்டிய முன்னாள் இசை விமர்சகி. சோனியா பிராகா நடித்திருக்கிறார்.

கம்பெனி அவளை மிரட்டுவதே இல்லை. மேல் ஃப்ளாட்டில் ராத்திரி முழுக்கக் கூத்தும் கும்மாளமும். மறுநாள் மாடிப்படியில் மலம். இன்னொரு நாள் ஜெபக்கூட்டம். எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் வரும். புகார் கொடுக்கப் போனால் எதை எழுதுவீங்க? வீட்டை விற்றுப் போன குடும்பத்துப் பையன் ஒருவன் தெருவில் மறித்து, உங்களாலதான் எல்லாம் நிக்குதுன்னு சண்டைக்கு வருகிறான். மகளும் வித்துடச் சொல்கிறாள். நெருக்குகிற வேலையில் பாதியைச் சொந்தக்காரங்களே செய்துவிடுகிறார்கள்.

படத்தின் உயிர் எனக்கு ஒரு மர அலமாரியில் இருக்கிறது. 1980. அத்தை லூசியாவின் எழுபதாவது பிறந்தநாள். பிள்ளைகள் அவர் சாதனைகளை வாசிக்கிறார்கள். அத்தையின் கண்ணோ அந்த அலமாரி மேலேயே. இளவயதில் அதன் மேல் நடந்த கலவி ஞாபகத்தில் ஓடுகிறது, நமக்கும் காட்டப்படுகிறது! அதே அலமாரி பல வருஷம் கழித்து கிளாராவின் வீட்டில், யாரும் கவனிக்காமல் நிற்கிறது. சதுர அடிக் கணக்கில் இதை எங்கே எழுதுவது?

கிளாராவை வெறும் வீரநாயகியாகக் கொண்டாடும் வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை. அவளுக்கு வேறு வருமானம் உண்டு, வக்கீல் தோழி உண்டு, பத்திரிகை ஆபீசில் ஆள் உண்டு. ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் நிற்கிறது. வீட்டுவேலை செய்யும் லாஜானேவுக்கு இதில் எதுவும் கிடையாது. பணக்காரர் கரைக்கும் அவள் வசிக்கும் ஏழைப் பகுதிக்கும் எல்லை ஒரு சாக்கடைக் குழாய். அதைக் காட்டிச் சொல்வது கிளாராவேதான். படத்துக்கு இது தெரியும், ஆனால் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை.

காலி ஃப்ளாட்டுகளில் கம்பெனி கரையானைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. கடைசியில் கிளாரா அரிக்கப்பட்ட கட்டைகளை அவர்கள் மேசையிலேயே கொட்டுகிறாள். தியேட்டரில் கைதட்டல் நிச்சயம், நானும் தட்டியிருப்பேன். ஆனாலும் அந்த முடிவு கொஞ்சம் சுலபம். கட்டடத்துக்குள் கரையான் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவள் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும்.