மாதொருபாகனும் ஒரு செலவு நோட்டும்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அதை நாவலாகவே படித்தோம். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. அதையடுத்து, எழுத்தையே விட்டுவிடுவதாக ஆசிரியர் அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் பிறகு நாவல் என்றதும் ஊர் மானம், சாதி, கருத்துரிமை ஆகியவையே பேச்சாகிவிட்டன. அவை பேச வேண்டியவைதாம். ஆனால் நாவல் எதைப் பற்றியது? கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளை இல்லாத காளி, பொன்னா என்ற இருவரைப் பற்றியது. அந்தப் பொருளை முன்வைத்து நாவலைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் இலக்கியம் பிள்ளைச் செல்வத்தைப் போற்றிய அளவுக்குப் பிள்ளையில்லாத் துயரைப் பேசியதில்லை. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டு, குழந்தை அளைந்த சோற்றின் இன்பத்தைச் சொல்லி, அது இல்லாதவர் வாழ்க்கையை ஒரு வரியில் தள்ளிவிடுகிறது. வள்ளுவரின் ஏழாம் அதிகாரம் பெற்றவர்களுக்கானது. கம்பனில் தசரதனின் ஏக்கம் வேள்விக்கு முகவுரை, அவ்வளவே. மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளர் வரலாறும் அப்படித்தான். தேவார ஏட்டில் கயிறு சார்த்திப் பார்த்தார், சம்பந்தர் பதிகம் வந்தது, திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடினார், பிள்ளை பிறந்தது. வேண்டுதலுக்கும் பிறப்புக்கும் இடையே ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த இடைவெளியில் ஒரு பெண் எத்தனை மாதம் நாள் எண்ணினாள் என்பது எங்கும் இல்லை.

பெருமாள்முருகன் செய்த பெரிய காரியம் அந்த இடைவெளியை நிரப்பியது. பொன்னா குடிக்கும் கசப்பு மருந்துகள், வறடிக்கல்லைச் சுற்றுவது, கோயில் கோயிலாக நேர்த்திக்கடன், நல்ல காரியங்களில் ஒதுக்கப்படுவது, காளிக்கு இன்னொரு கல்யாணம் என்ற பேச்சு எல்லாம் கதையின் நடுவே நிற்கின்றன. தேர்த் திருவிழாவின் கடைசி இரவுக்குத்தான் இவையெல்லாம் முன்னேற்பாடு என்று படித்தவர்கள் நாவலைத் தலைகீழாகப் படித்தார்கள். பன்னிரண்டு வருடம்தான் கதை. அந்த இரவு அதன் விளைவு.

இனி நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் சொந்த ஊர் கார்வேட்டிநகரம். சித்தூர் மாவட்டத்தில், புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஜமீன் ஊர். வேணுகோபாலசாமி கோயில் உண்டு. சாரங்கபாணியின் தெலுங்குப் பதங்கள் பிறந்த மண் என்றால் நாட்டியம் தெரிந்தவர்களுக்குப் புரியும். 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தோம். 1960இல் எல்லை திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்க பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு, பிள்ளை இல்லையென்றால் காளஹஸ்தி ராகு கேது பூஜை. அதற்கு மேல் போனால் வேலூரோ திருப்பதியோ சென்னையோ.

என் சின்னம்மா மகள் ஒருத்தி, விசைத்தறிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், 2017லிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். பிள்ளைக்காகச் செய்த செலவெல்லாம் அதில் இருக்கிறது. எழுத்து தெலுங்கு, மொழி தமிழ். தமிழ் எழுத்து அவளுக்குக் கற்பிக்கப்படவில்லை. அவள் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். ஒரு நாவலுக்குப் பக்கத்தில் செலவு நோட்டை வைப்பது விமர்சனமா என்று பெரியவர்கள் கேட்கலாம். நாவல் சொல்லாமல் விட்டது எது என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் பக்கம் காளஹஸ்தி. பிறகு நாட்டு மருந்து. பிறகு மாதாமாதம் மாத்திரை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே. ஒன்பதாம் பக்கத்தில்தான், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, ‘அவருக்கு டெஸ்ட், 350’ என்று ஒரு வரி வருகிறது. நோட்டிலேயே மலிவான பரிசோதனை அது. கடைசியாகச் செய்யப்பட்டதும் அதுதான். குழந்தையின்மையில் பாதி அளவுக்கு ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பதை மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் மருந்து முதலில் பெண் உடம்புக்குள்தான் போகிறது. நாவலிலும் ஊர் காளியைக் கேலி பேசாமல் விடவில்லை. ஆனால் படித்து முடித்தபின் பொன்னா குடித்த கசப்பே நம் நாக்கில் நிற்கிறது. இந்த இடத்தில் நாவலும் நோட்டும் ஒரே கதையைச் சொல்கின்றன.

பணம் என்று வரும்போது இரண்டும் பிரிகின்றன. காளிக்கு நிலமும் மாடும் உண்டு. சொத்து இருந்தும் அனுபவிக்க வாரிசு இல்லையே என்பது அங்கே ஏச்சு. நேர்த்திக்கடன்கள் அவர்களை வருத்துகின்றன, கடனாளியாக்கவில்லை. கதை நடப்பது வெள்ளைக்காரன் காலத்தில். சோதனைக் குழாய்க் குழந்தை முதன்முதலில் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலையில். அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் அதைச் செய்து காட்டினார். அரசும் சக மருத்துவர்களும் நம்ப மறுக்க, 1981இல் தற்கொலை செய்துகொண்டார். ஆகவே நாவலாசிரியரைக் குறை சொல்ல இடமில்லை. குறை நம் சமகாலக் கதைகளிடம்தான். இந்த வைத்தியம் எங்கும் பரவிய பிறகும் கண்ணீரைக் கதையாக்கும் அளவுக்கு நாம் ரசீதைக் கதையாக்கவில்லை.

நோட்டில் ரசீதுதான் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே ஏறக்குறைய மூன்று சுற்றில் ஒன்றுதான் பலிக்கும். வயது ஏற ஏறக் குறையும். அந்தக் கணக்கில் சேராதவை அவள் நோட்டில் உண்டு. பத்துப் பன்னிரண்டு நாள் தினம் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். புத்தூரில் ரயிலேறிச் சென்னை, அம்பத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல், சும்மா போக முடியாது என்று அவர்களுக்குப் பழம். கூட வந்த புருஷனுக்குத் தறி ஓடாத நாட்களைத் தனியாக எழுதி ‘கூலி இல்லை’ என்று கோடு போட்டிருக்கிறாள். வரவுப் பக்கத்தில் ஆரம் அடகு, அதன் கீழே ‘தறி 1’. இருந்த நான்கு தறியில் ஒன்றை விற்ற வரி அது.

இன்சூரன்ஸ் பத்திரமும் ஒரு பனுவல்தானே. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளை வரிசைப்படுத்தியபோது, மலட்டுத்தன்மைச் சிகிச்சை 17ஆம் எண்ணில் வந்தது. கருத்தடையும் அதே எண்ணில்தான். பிள்ளை வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் அங்கே ஒரே பத்தி. இப்போது கூடுதல் பிரீமியம் கட்டினால் ஓரளவு தரும் பாலிசிகள் உண்டு. தறிக்காரர் வீட்டுக்கு அது எட்டாது.

நாவலின் உயிர்முடிச்சு சம்மதம். திருவிழா இரவுக்குக் காளி ஒப்பவில்லை. ஒப்பினான் என்று நம்ப வைத்துப் பொன்னாவை அழைத்துப் போகிறார்கள். அந்த இரவில் வரும் முகம் தெரியாத ஆண் அவர்கள் நம்பிக்கையில் சாமி. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தை இதோடு வைத்துப் படித்தால் வியப்பாக இருக்கிறது. அங்கும் முகம் தெரியாத கொடையாளி உண்டு. குழந்தைமேல் அவருக்கு உரிமை இல்லை. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என வயது வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். காளிக்கு மறுக்கப்பட்டதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் என் தங்கை நோட்டில் ஒரு வரி: ‘கையெழுத்து, 14 இடம், எல்லாம் இங்கிலீஷு.’ எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். படித்துச் சொன்னார்களா என்று கேட்டேன். “படிச்சிகினு இருந்தா டோக்கன் போயிடும்னாங்கண்ணா” என்றாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நாவலின் சில அத்தியாயங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொன்னா அழும் இடங்களில் அவள் அழவில்லை. வறடிக்கல் பகுதியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். கடைசியில், “பன்னண்டு வருசம் அவ பட்டது நெசம்தாண்ணா. ஆனா அவளுக்கு நெலம் இருந்துச்சி. வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கலையே” என்றாள். பிறகு, “கூட்டிகினு போனவங்க யாரும் அவளக் கேக்கவேயில்ல பாரு” என்றாள். காளியின் சம்மதத்தைப் பற்றியே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பொன்னாவிடமும் நாவலில் கேட்கத்தான் செய்கிறார்கள். பொய்யைச் சொல்லிவிட்டுக் கேட்கிறார்கள். அதைக் கேட்டதாகவே இவள் எடுத்துக்கொள்ளவில்லை. நான் படித்த மதிப்புரைகள் எதிலும் இந்த இரண்டு குறிப்பும் இல்லை.

2014இல் பெருமாள்முருகன் இந்த நாவலுக்கு இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார். ‘ஆலவாயன்’இல் காளி இல்லை, ‘அர்த்தநாரி’யில் இருக்கிறான். இரண்டு வேறு முடிவுகள். நோட்டுக்கு இன்னும் ஒரு முடிவும் இல்லை. இரண்டு சுற்று பலிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் மிஞ்சிய இரண்டு கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. பத்தாண்டு வரை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு வருடக் கட்டணம் உண்டு. மருத்துவமனை ரசீதில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர். அவள் நோட்டில் ‘ஐஸ் வாடகை’ என்று எழுதியிருக்கிறாள். அடுத்த தவணை ஆடி மாதம்.