‘சக்தி’ நால்வர் குழுவும் கடத்தின் இடமும்: கூட்டு மனோதர்மம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

இரு இசை மரபுகள் ஒரே மேடையில் ஒலித்தால் அதற்குக் ‘கலப்பிசை’ எனப் பெயரிட்டுக் கடந்துவிடுவது இசைத் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. எந்த இலக்கணம் நிலைபெற்றது, எது விட்டுக்கொடுத்தது என்னும் வினாக்கள் இதனால் எழாமலே போகின்றன. ஜான் மெக்லாக்ளின் (கிதார்), எல். சங்கர் (வயலின்), ஜாகிர் உசேன் (தபலா), டி.எச். விநாயக்ராம் (கடம்) ஆகியோரின் ‘சக்தி’ குழுவை முன்வைத்து அவ்வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. இக்குழுவின் கூட்டு மனோதர்மத்தைத் தாங்கியது கர்நாடக இசையின் தாளக் கணக்கே என்பதும், அதன்பொருட்டுக் கச்சேரி மேடையின் படிநிலை கலைய வேண்டியிருந்தது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகள்.

கிதாரின் நகர்வு

குழுவின் முதல் இசைத்தட்டு, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவாகும். மெக்லாக்ளின், எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். அப்பயிற்சியின் தடத்தை அவரது கிதாரிலேயே காணலாம். கம்பியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிப்பதற்கு ஏற்ப விரற்பலகை குழிவாகச் செதுக்கப்பட்டது. குறுக்காக ஏழு ஒத்துத் தந்திகள் பூட்டப்பட்டன. கருவி கமகத்தை நோக்கி நகர்ந்தபோது ஆதார சுருதியும் அசையாமல் நின்றுவிட்டது. ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் மாறிக்கொண்டே செல்லும் சுரக்கூட்டுகளின்மேல் தம் கற்பனையை ஓட்டுவார். இங்கு அந்த நகரும் தளம் ஏறத்தாழ இல்லை. இது சிறிய இழப்பன்று. எஞ்சியது, அனைவரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்துப் பிரிந்து மீண்டும் அதற்கே திரும்பும் ஜாஸ் வடிவம். கற்பனை சுரம் பல்லவியின் எடுப்பிற்குத் திரும்புவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு அதுவும் புதிதன்று.

கடத்தின் இடம்

கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது விநாயக்ராம் வகித்த இடமும் அதுவே. தனி ஆவர்த்தனத்தை மிருதங்கம் தொடங்கும். எந்த நடை, எத்தனை ஆவர்த்தனம், எப்போது குறைப்பு என்பவற்றைத் தீர்மானிக்கும். கடம் விடை சொல்லும். ‘சக்தி’யின் முதல் தட்டில் மிருதங்கம் வாசித்த ராம்நாட் ராகவன் அடுத்த தட்டுகளில் இடம்பெறவில்லை. அவர் நீங்கியதும் வினவுவோரின் இருக்கை காலியானது. வேறொரு மரபிலிருந்து வந்த தபலா அதில் அமர இயலாது. ஆகவே இருவரும் ஒருவரையொருவர் வினவவேண்டியதாயிற்று. 1976ஆம் ஆண்டுத் தட்டின் முதல் உருப்படி கொன்னக்கோலுடன் தொடங்குவதை இப்பின்னணியில் நோக்க வேண்டும். வாயால் சொல்லக்கூடிய சொற்கட்டே இரு கருவிகளுக்கும் பொதுமொழியாயிற்று. மிருதங்கத்தின் தொப்பி தரும் கனத்த நாதத்தைத் தபலாவின் இடக்கை முழவும், வயிற்றோடு அணைந்த கடத்தின் வாயும் பங்கிட்டுக்கொண்டன. தனி ஆவர்த்தனத்திற்குரிய குறைப்பு உத்தி வயலினுக்கும் கிதாருக்கும் பரவியதே இக்குழுவின் பெரும் பேறு. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கரின் வில், நீண்ட தொடரில் வினவத் தொடங்கிச் சில சுரங்களாகச் சுருங்கும்போது, கிதார் அதே அளவில் மறுமொழி தருகிறது.

சுதந்திரத்தின் எல்லை

இது முழுமையான கூட்டுப் படைப்பா? நெதர்லாந்தில் 1967இல் மிஷா மெங்கல்பெர்க், ஹான் பென்னிங்க், வில்லெம் பிராய்க்கர் ஆகியோர் தொடங்கிய அமைப்பு, அந்தக்கணத்தில் இசையமைத்தல் என்னும் கொள்கையைத் தன் பெயரிலேயே தாங்கியது. அங்கே ஒருவர் கட்டுவதை மற்றவர் குலைக்கவும் இடமுண்டு. ‘சக்தி’யில் அதற்கு இடமில்லை, கணக்கு பிசகினால் நால்வரும் சமத்தில் சேர முடியாது. மேலும், நால்வரும் ஒரே நேரத்தில் கற்பனை செய்யும் இடங்கள் குறைவு. முறைவைத்து வாசிப்பதே மிகுதி.

அவ்வாறு முறைவைத்து வாசிப்பதற்கும் கால அவகாசம் வேண்டும். முதல் தட்டில் மூன்றே உருப்படிகள். 1977ஆம் ஆண்டுத் தட்டில் எட்டு. உருப்படிகள் குறுகியதால் குறைப்பிற்கு முன்னர் நிகழவேண்டிய விரிவு இல்லாமற்போயிற்று. இனிமை மிகுந்த தட்டு அது. உரையாடல் குன்றிய தட்டும் அதுவே.

1997இல் குழு வேறு வடிவில் மீண்டும் கூடியபோது விநாயக்ராம் கடத்துடன் இணைந்தார். பின்னர் அவ்விடத்திற்கு அவர் மகன் வி. செல்வகணேஷ் வந்தார். அவர் கொணர்ந்த கஞ்சிராவும் கச்சேரி மேடையில் ஓர் உபபக்கவாத்தியமே.