ஈட்டியை ஆட்டியவர் வீட்டுக் கேடயம்

"உங்கள் சர்நேமுக்கான குடும்பச் சின்னம்" என்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சடித்து விற்கிற கடைகள் இணையம் முழுக்க இருக்கின்றன. ஷேக்ஸ்பியர் என்று தட்டினால் அதுவும் கிடைக்கும். படம் சரியாகவே இருந்தாலும், சொல்கிற விஷயம் தப்பு. இங்கிலாந்தில் சின்னம் பெயருக்குச் சொந்தமில்லை. ஒரு ஆளுக்குத் தருவார்கள். அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். அதே பெயர் கொண்ட பக்கத்து ஊர்க்காரருக்கு அதில் பங்கு கிடையாது.

அந்தப் பெயருக்கே முதலில் மரியாதை கம்மிதான். 'ஈட்டியை ஆட்டுபவன்' என்ற பட்டப்பெயர். படைவீரனுக்கும் பொருந்தும், வம்புக்காரனுக்கும் பொருந்தும். 1487இல் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரியில் ஹ்யூ ஷேக்ஸ்பியர் என்பவர், பெயர் மட்டமாகக் கருதப்படுகிறது என்று சாண்டர்ஸ் ஆகிவிட்டார். கல்லூரிப் பதிவேட்டிலேயே காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்!

1596 அக்டோபர் 20 தேதியிட்ட வரைவில் அதே ஈட்டி கௌரவமாகிறது. பொன்னிறக் கேடயம், குறுக்கே கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளிமுனை ஈட்டி, உச்சியில் ஈட்டி பிடித்த வல்லூறு. பெறுபவர் கவிஞரின் அப்பா ஜான். கையுறை செய்பவர், ஸ்ட்ராட்ஃபோர்டின் முன்னாள் பெய்லிஃப். 'உரிமை இல்லாமல் இல்லை' என்பது அதிலுள்ள பிரெஞ்சு வாசகம். எழுத்தர் முதலில் நடுவில் ஒரு காற்புள்ளி போட்டுவிட, அது 'இல்லை, உரிமையில்லாமல்' என்று ஆகிவிட்டது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறார். முன்னோர் ஏழாம் ஹென்றிக்குச் செய்த சேவை பற்றியும் வரைவு பேசுகிறது. அதற்கு இன்றுவரை சான்று சிக்கவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை.

1602இல் யார்க் ஹெரால்ட் ரால்ஃப் புரூக், தகுதியில்லாதவர்களுக்குச் சின்னம் வழங்கிவிட்டார்கள் என்று போட்ட பட்டியலில் இந்தப் பெயரும் இருந்தது. ஜான் ஊரில் நீதிபதியாக இருந்தவர், நிலமுள்ள ஆர்டன் வீட்டுப் பெண்ணை மணந்தவர் என்று மறுதரப்பு பதில் சொன்னது.

இதை வைத்து 'நடிகனின் அந்தஸ்து ஆசை' என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. தேதியைப் பார்ப்பதே இல்லை. கவிஞரின் ஒரே மகன் ஹாம்னெட்டை, பதினொரு வயதுப் பையனை, அடக்கம் செய்தது 1596 ஆகஸ்ட் 11. விண்ணப்பம் அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். ஆனால் வரைவு எழுதப்பட்டபோது, அந்தக் கேடயத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பேரன் போய் பத்து வாரம் ஆகியிருந்தது. கவிஞரின் தம்பிகள் மூவரும் அவருக்கு முன்பே, ஆண் வாரிசின்றிப் போய்விட்டார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயச் சுவரில் அவருடைய நினைவுச் சிலைக்கு மேலே அந்தச் சின்னம் இன்னும் இருக்கிறது.